எழுநூற்று இருபதாவது படம்

ஏர்ணாவூரில் நாலாவது மாடிக்கு மேல் மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
டிரைபாடைச் செங்கல் அண்டக்கொடுத்து நிறுத்தினேன்.
கடற்காற்று அதைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தது.
பன்னிரண்டு விநாடிக்கு ஒரு படம்.
நாலு நாற்பதிலிருந்து எட்டு இருபது வரை
ஆயிரத்து நூறு.
கன்டெய்னர் கம்பெனி விளம்பரத்துக்கு
நாற்பத்து நாலு விநாடி.

வெளிச்சம் குறையக் குறைய
ஷட்டரைத் திருக வேண்டும்.
ஒரு திருகல், மூன்றில் ஒரு ஸ்டாப்.
ஐந்நூற்றில் ஒரு விநாடியில் தொடங்கி
முழுசாய் இரண்டு விநாடி வரை
முப்பது தடவை திருகினேன்.
முப்பதும் படத்தில் தெரியும்:
வானம் மங்கிக்கொண்டே வந்து
சட்டென்று ஒரு முழம் விடியும்,
மறுபடி மங்கும், மறுபடி விடியும்.
அந்த மாலைக்குப் படிக்கட்டே கிடையாது.
படிக்கட்டு என் விரலில் இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால்
ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு.
பொத்தானை அமுக்கினேன்.
பல்லெல்லாம் தேய்ந்து
வழுக்கிக்கொண்டு இறங்கியது சாயங்காலம்.
எக்ஸ்பிரஸ் ரோட்டில் நகராமல் நின்ற லாரிகள்
அதே இடத்தில் நின்றபடி
பகலிலிருந்து ராத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன.
என் விரல் எங்கே பட்டதென்று
இனி எனக்கே தெரியாது.

ஆனால் ஏழு நாலுக்குக் கரண்ட் போயிருந்தது.
எழுநூற்று இருபதிலிருந்து நாற்பது படம்.
தெரு மொத்தமும் அணைந்து
தூரத்தில் வல்லூர்ப் புகைபோக்கிகள் மட்டும்
சிவப்பாய் முழித்துக்கொண்டிருந்தன.
கரண்ட் செய்கிற இடத்தில்
கரண்ட் போவதில்லை.

மென்பொருளுக்கு
என் விரலும் தெரியாது, மின்வாரியமும் தெரியாது.
பள்ளம் என்றால் பள்ளம்.
இருட்டை மூன்று ஸ்டாப் தூக்கி
அக்கம்பக்கத்துக்குச் சமமாக்கிவிட்டது.
ரவையைக் கொட்டினாற்போல்
புள்ளி புள்ளியாய் ஒரு வெளிச்சம்,
அன்றைக்கு அங்கே இல்லாத வெளிச்சம்.

அதில் எதிர்மாடி.
எதிர்மாடியில் மாவுக்கடை எஸ்தர்ராணி.

ஒரு படத்தில் கை இரண்டும் மேலே.
அடுத்ததில் ஒற்றைக் காலில்.
அடுத்ததில் கொண்டை அவிழ்ந்து, நைட்டி குடையாய் விரிந்து.
அடுத்ததில் ஆளே இல்லை.
மறுபடி கை.
இரண்டு விநாடித் திறப்பில்
முகம் கரைந்துவிட்டிருந்தது.
ஆடினாளா, கொசு விரட்டினாளா?
பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றை வைத்துக்கொண்டு
எதையும் சத்தியம் பண்ண முடியாது.

விடியற்காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை
கல்லாப்பெட்டிக்கும் கிரைண்டருக்கும் நடுவே
பக்கவாட்டில் மட்டுமே நகர்கிறவள்.
கரண்ட் போனால்தான் கிரைண்டர் நிற்கும்.
நின்ற எட்டு நிமிஷத்துக்கு
மூணு மாடி ஏறி வந்திருக்கிறாள்.
யாரும் இல்லை என்று பார்த்துத்தான் இருப்பாள்.
நான் போன் வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு
டிரைபாடுக்குப் பக்கத்தில்
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்,
படம் கெட்டுவிடக்கூடாதென்று.

நாற்பது படத்தையும் கணக்கிலிருந்து விலக்கினேன்.
கோடு அந்த இடத்தில் கிணறு மாதிரி விழுந்தது.
ஓட்டிப் பார்த்தேன்.
தெரு இல்லை, மாடி இல்லை.
சிவப்புப் புள்ளிகள் மட்டும்.
பிறகு பளிச்சென்று எல்லாம்.

மேனேஜர் கூப்பிட்டார்.
"இருபத்தெட்டாவது செகண்ட்ல கறுப்பா ஒண்ணு அடிக்குதேம்மா,
வழவழன்னு தரேன்னீங்க?"
"கரண்ட் கட் சார். அங்க அப்பிடித்தான்."
மீதிப் பணத்தில் ஆயிரம் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் அரைக் கிலோ மாவு வாங்கப் போனவள்
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
"செவ்வாக்கெழம கரண்ட் போனப்ப என்னாக்கா பண்ணீங்க?"

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.
கவரை முறுக்கி முடிச்சுப் போட்டு
சில்லறையை எண்ணி, இன்னொரு தரம் எண்ணி,
"கொசு" என்றாள்.
"செம கொசு."